பதினோராம் கட்டிலின் ஒற்றைத் தட்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி கடையிலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் வேலை இருக்கிறது. பாலிக் புலாவில் தங்கை வீட்டு டுரியான் மரங்கள் காய்த்துத் தள்ளுகின்றன. விழுகிற பழத்தைப் பொறுக்க ஆள் போதவில்லை. இருந்தாலும் உட்கார்ந்து எழுதுகிறேன். காரணம், நீங்கள் கையில் எடுக்கப்போகும் கெர்னலில் ஒரு பகுதி இருக்கிறது. பார்த்தால் சுற்றி வளைத்து எழுதியதுபோல் இருக்கும். இரண்டு படியில் செய்வதை ஒரே படியில் முடிக்கலாமே என்று கை துறுதுறுக்கும். அதைத் தொடும் முன் அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம் தொழிலை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் தூக்கி எறிந்த பழைய கணினிகளை நாம் சாகவிடாமல் வைத்திருக்கிறோம். தொழிற்சாலைகளில் இன்னும் அவை ஓடுகின்றன. நிபோங் திபால் பக்கத்து எண்ணெய் ஆலையில் எடைமேடையோடு ஒன்று இருக்கிறது. மாற்றலாம்தான். ஆனால் அவற்றில் செருகியிருக்கும் அட்டைகளுக்குப் புதிய கணினியில் இடமே கிடையாது. பழைய இயங்குதளம் கெட்டுப்போய், அதைச் செய்த நிறுவனமும் காணாமல் போன இடங்களில், நாமே எழுதிய சின்னக் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் உட்கருவை, போட்டு ஓட்டுகிறோம்.

அந்தக் கெர்னலில் இண்டரப்ட் பகுதியை எழுதியவர் நசீர். நீங்கள் இப்போது 'நசீர் அண்ணே' என்று பயந்து பயந்து கூப்பிடுகிறீர்களே, அதே நசீர்தான். அவரைப்போல் எழுதக்கூடியவர் இந்தத் தீவில் இல்லை என்று நான் சொன்னால் அது புகழ்ச்சி இல்லை. அவரும் மறுக்கமாட்டார்.

இண்டரப்ட் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் என் தங்கையும் இதைப் படிக்கப்போகிறாள், அவளுக்காகச் சொல்கிறேன். கணினி ஏதோ ஒரு வேலையில் மூழ்கியிருக்கும். அப்போது வெளியே இருக்கும் ஒரு கருவி, 'என்னைக் கொஞ்சம் பார்' என்று கதவைத் தட்டும். அந்தத் தட்டுதான் இண்டரப்ட். கணினி கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு, தட்டியது யார் என்று பார்த்து, வேண்டியதைச் செய்துவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்பும். சில வேலைகளை நடுவில் விட முடியாது. அப்போது கெர்னல் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொள்ளும். முடிந்ததும் திறக்கும். எவ்வளவு நேரம் தாழிட்டு வைப்பது என்பதில்தான் நம் பிழைப்பே இருக்கிறது.

ஊருக்குள் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. பெயர் வேண்டாம். பழைய பங்களா, பாரம்பரியக் கட்டடம் என்பதால் சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் அனுமதி கேட்கவேண்டும். சுவருக்குள்ளே எப்போதோ இழுத்த கம்பிகள் ஒவ்வொரு கட்டிலுக்கும் போகின்றன. கட்டிலில் தொங்கும் பொத்தானை அழுத்தினால், தாதியர் மேசையில் இருக்கும் பழைய கணினி மணியடித்து, எந்தக் கட்டில் என்று திரையில் காட்டும். அழைப்பைத் தனக்குள் சுழலும் வட்டிலும், அதாவது டிஸ்கிலும், எழுதி வைக்கும். அந்தக் கணினியின் இயங்குதளம் படுத்தபோது நம்மைக் கூப்பிட்டார்கள். நம் கெர்னலைப் போட்டோம். எல்லாக் கட்டிலிலும் அழுத்திப் பார்த்தோம். எல்லாம் அடித்தது. மேட்ரன் புஷ்பம் எங்களுக்கு சாப்பிட மீகூன் கோரிங் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

சில மாதங்கள் கழித்து அவரே கடைக்குத் தொலைபேசியில் பேசினார்.

"சரோஜா, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்லா. பெல் சிஸ்டம் நல்லா இருக்குன்னு. எங்களுக்கு அது போதும்."

"ஏன், யாராவது நல்லா இல்லைன்னு சொன்னாங்களா?"

"பதினொண்ணாம் கட்டில். அருளப்பன் அங்கிள்."

விஷயம் இதுதான். அருளப்பன் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் கோலாலம்பூரில் இருக்கிறார். ஒரு நாள் மதியம் மழை வந்தபோது, தன் கட்டிலுக்குப் பக்கத்துச் சன்னலைத் தானே சாத்தப்போய், நனைந்த தரையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஏன் தாதியைக் கூப்பிடவில்லை என்று கேட்டால், கூப்பிட்டேன், யாரும் வரவில்லை என்கிறார். கணினியைப் பார்த்தால் பதினோராம் கட்டிலிலிருந்து அழைப்பே இல்லை. அதற்கு முன்பும் சில முறை இப்படிச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கணினி இல்லை என்றே சொன்னது.

"பாவம், மனுஷனுக்கு மறந்து போவுது," என்றார் மேட்ரன். "அழுத்துனதா நெனச்சிக்கிறாரு. டாக்டரும் டெஸ்ட் எடுத்தாரு, பாதிதான் சரியா சொல்றாரு. மாடிக்கு மாத்தலாம்னு இருக்கோம். மகள் சனிக்கிழமை வர்றாங்க. அவங்க கேப்பாங்கல்ல, மெஷின் மேல தப்பு இருக்கான்னு."

அந்த இல்லத்தின் மாடியை நான் பார்த்திருக்கிறேன். நினைவு தப்பியவர்களுக்கானது. சுத்தமான இடம், அன்பான தாதியர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படிக்கட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு. அங்கே போனவர்கள் தாங்களாகக் கீழே வருவதில்லை. சாயங்காலம் வாசலுக்குப் போய் நாளிதழ் வாங்குவதும், மூலைக் கடையில் தே தாரிக் குடிப்பதும் அத்தோடு சரி. அருளப்பனுக்கு இரண்டும் பழக்கம்.

வியாழக்கிழமை நானும் நசீரும் போனோம். நசீர் கட்டில் கட்டிலாகப் பொத்தானை அழுத்தினார். நான் மேசையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினோராம் கட்டிலில் மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தச் சொன்னேன். அடித்துக்கொண்டே இருந்தது. கட்டிலில் படுத்திருந்த அருளப்பன், கையில் கட்டோடு, மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்குக்கா. முடிஞ்சிச்சு," என்றார் நசீர்.

"இந்த ஏழு என்ன?" என்று கேட்டேன். கெர்னல் தன் கணக்குகளைக் காட்டும் திரையில், ஏழாம் எண்ணுக்கு நேரே ஒரு தொகை நின்றது; கட்டில் எண் இல்லை, இண்டரப்ட் எண். நம் மற்ற இயந்திரங்களில் பார்த்ததைவிட அதிகமாகத் தோன்றியது.

அவர் சிரித்தார். "அது பொய் அழைப்புக்கா. எல்லா பழைய மெஷின்லயும் இருக்கும். மின்சாரத்துல லேசா ஆட்டம் இருந்தா வரும். வந்தா கண்டுக்காம விடணும்னுதான் எல்லாரும் எழுதுவாங்க. நானும் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

அவர் சொன்னது சரிதான். இந்த ஏழு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தட்டுகிறவர்களை வரிசைப்படுத்துவதற்குக் கணினியில் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது, வாசல்காரர் மாதிரி. யாரோ தட்டுகிறார்கள் என்று அது உள்ளே சொல்லும். 'யார்?' என்று உள்ளேயிருந்து கேட்பதற்குள் தட்டியவர் கையை எடுத்துவிட்டால் அதற்குப் பதில் தெரியாது. தெரியவில்லை என்று சொல்ல அதற்கு வாயும் கிடையாது. அதனால் 'ஏழு' என்று சொல்லிவிடும். கைபேசியில் மணி ஒரு தரம் அடித்து நின்றுவிட்டால், எடுப்பதற்குள் போன மிஸ்டு கால் என்று விடுவோமே, அந்த மாதிரி.

எனக்கு உறுத்தியது அங்கேதான். மிஸ்டு கால் வந்தால் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அதை எப்படிப் பொய் என்று பெயர் வைத்தோம்? நசீரிடம் இதைச் சொன்னேன். நான் ஏதோ கதை பேசுகிறேன் என்பதுபோல் மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தார். அவருக்கு மாமியாரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

நான் போகவில்லை. தொழிலில் நுழைந்த புதிதில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர், பேச்சே இல்லாத மனிதர், ஒரு வழக்கம் வைத்திருந்தார். எல்லாச் சோதனையும் தேறிய பிறகும் வாடிக்கையாளர் குறை சொன்னால், கருவியை விட்டுவிட்டு அந்த வாடிக்கையாளர் வேலை செய்வதைப் பார்ப்பார். நாற்காலி கிடைத்தால் போதும், அசையமாட்டார். எனக்கு அது அப்போது மகா எரிச்சலாக இருக்கும். அன்று எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது, பதினோராம் கட்டில் பக்கத்தில்.

"அங்கிள், நீங்க எப்படி அழுத்துவீங்க? எனக்குக் காட்டுங்களேன்."

"அதான் அந்தத் தம்பி அழுத்திப் பாத்துட்டாரே," என்றார். கோபம் இருந்தது.

"அவர் அழுத்துனத பாத்தேன். நீங்க அழுத்துறத பாக்கல."

நல்ல கையால் பொத்தானை எடுத்தார். விரல் நுனியால் சட்டென்று ஒரு தட்டு. தட்டினாரா, தொட்டாரா என்றே தெரியவில்லை. அவ்வளவுதான், பொத்தானைக் கீழே வைத்துவிட்டார். மேசையில் மணி அடித்தது. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"ஏன் அங்கிள் இவ்வளவு மெல்ல? நல்லா அமுக்கிப் புடிக்கலாமே?"

"புடிச்சா அர்த்தம் வேற," என்றார். பிறகு தானாகவே சொன்னார். துறைமுகக் கிடங்கில் மேலே ஒருவன் சரக்குத் தூக்கியை ஓட்டுவான், கீழே இவர் நிற்பார். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நடுவில் ஒரு மணிதான். "ஒரு தட்டுன்னா எறக்கு. ரெண்டுன்னா தூக்கு. விடாம அமுக்கிப் புடிச்சா, ஆள் அடியில மாட்டிக்கிட்டான், எல்லாத்தையும் நிறுத்து. ஆள வெளிய எடுத்ததுக்கு அப்புறம் மூணு தட்டு, வேலைய ஆரம்பி. நான் இருந்த வரைக்கும் ரெண்டே தரம்தான் அமுக்கிப் புடிச்சிருக்கேன். சன்னல சாத்தறதுக்குப் போயி அப்படி அமுக்குவனா?"

"வரலைன்னா திரும்ப ஒரு தரம் தட்டலாம்ல?"

"திரும்பத் தட்டினா ரெண்டுன்னு எடுத்துக்குவான். சாமான் தூக்கிடும், கீழ ஆள் இருக்கும். ஒரு தரம் தட்டிட்டா காத்திருக்கணும்லா. அதான் பழக்கம்."

இது இல்லம், கிடங்கு இல்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் கைக்குப் பழகிய சட்டத்தைத் தலை போய் மாற்றிவிட முடியாது. நாங்கள் சோதித்தபோது இயந்திரம் கேட்கவேண்டும் என்றே அழுத்தினோம், கட்டைவிரலை வைத்து, மணி அடிக்கும் வரை. இந்த மனிதர் விரலால் யாரும் சோதிக்கவில்லை.

ஆனால் இவர் விரலுக்கும் மணி அடித்ததே? கிளம்பலாமா என்று யோசித்தபோது மழை பிடித்துக்கொண்டது. நம்மூர் மதிய மழை தூறி ஆரம்பிக்காது, கொட்டி ஆரம்பிக்கும். வரிசையாகச் சன்னல்கள் திறந்து கிடந்தன. கட்டிலுக்குக் கட்டில் பொத்தான் அழுத்தினார்கள். மேசையில் மணி விடாமல் அடித்தது. இரண்டு தாதியர் ஓடி ஓடிச் சன்னல்களைச் சாத்தினார்கள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது நாங்கள் சோதித்ததே இல்லை. "அங்கிள், இப்ப தட்டுங்க," என்று சொல்லிவிட்டு மேசைக்கு ஓடினேன்.

அவர் விரல் பொத்தான்மேல் போய் வந்ததை அங்கிருந்தே பார்த்தேன். திரையில் நான்கு வந்தது, ஒன்பது வந்தது, இரண்டு வந்தது. பதினொன்று வரவில்லை. இன்னும் ஒரு தரம் என்று கை காட்டினேன். காத்திருந்து, இன்னொரு தட்டு தட்டினார். வரவில்லை. மூன்றாவது முறையும் பதினொன்று வரவில்லை; ஆனால் ஏழாம் எண்ணுக்கு நேரே இருந்த தொகை என் கண்ணெதிரே ஒன்று கூடியது.

திரும்பிப் பார்த்தேன். மழைச் சாரல் அவர் போர்வையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் சன்னலைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போனேன்.

"தட்டினனா, இல்லையா?" என்று கேட்டார்.

"தட்டினீங்க அங்கிள். நான் பாத்தேன்."

அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். வாய் கோணி, கண் நிறைந்துவிட்டது. "நானே நம்பிட்டேன்மா," என்றார். "இத்தன பேரு சொல்றாங்களே, மெஷின் சொல்லுதே, அப்ப நான்தான் தட்டாம தட்டினேன்னு நெனச்சிக்கிறேன் போலன்னு. ராத்திரியெல்லாம் விரலையே பாத்துக்கிட்டு இருப்பேன்." சன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நசீரை அழைத்தேன். கிளினிக்கிலிருந்து மோட்டாரில் நனைந்துகொண்டே வந்தார். முதலில் நம்பவில்லை. அருளப்பனை ஒரு தட்டு தட்டச் சொல்லி, அதே சமயத்தில் என்னை வேறு இரண்டு கட்டில்களில் அழுத்தச் சொல்லிப் பார்த்தார். பிறகு தன் கெர்னலைத் திறந்து படித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் காது சிவந்துபோனதைப் பார்த்து, கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

நடந்தது மிக எளிது. ஓர் அழைப்பு வந்தால் கெர்னல் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அந்த அழைப்பை வட்டில் எழுதி முடித்து, அப்புறம்தான் திறந்தது. அந்த வட்டும் கிழம், ஆடி அசைந்து எழுதியது. அந்த நேரத்துக்குள் ஒரு விரல் பொத்தானைத் தொட்டு எடுத்துவிட்டால், அப்படி ஒருவர் கூப்பிட்டதே உள்ளே தெரியாது. கதவு திறக்கும் நேரமும் விரலை எடுக்கும் நேரமும் ஒன்றாக அமைந்தால் மட்டும் ஏழு என்று ஒரு தடயம் விழும். அதையும் பொய் என்று ஒதுக்கச் சொல்லியிருந்தோம். அமுக்கிப் பிடிக்கிறவர்கள் தப்பித்தார்கள். மழை இல்லாத நேரத்தில் அருளப்பனும் தப்பித்தார்.

திருத்துவது நசீருக்குப் பெரிய வேலை இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும் முன்பே முடித்துவிட்டார். அழைப்பு வந்தால் எந்தக் கட்டில் என்று நினைவகத்தில் குறித்துக்கொண்டு உடனே கதவைத் திறந்துவிட வேண்டியது. வட்டில் எழுதுவதைப் பிறகு, கதவு திறந்தே இருக்கும்போது, நிதானமாகச் செய்யவேண்டியது. நீங்கள் சுருக்கலாம் என்று நினைக்கப்போகும் அந்த இரண்டு படி இதுதான். கூடவே பொத்தான் கம்பிகள் வந்து சேரும் பெட்டியில் ஒரு சின்னச் சில்லையும் பற்றவைத்தார். யாராவது லேசாகத் தொட்டு எடுத்தாலும், கெர்னல் வந்து பார்க்கும் வரை அந்தத் தட்டை அது பிடித்து வைத்திருக்கும்.

இங்கே கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். நசீரே உங்களுக்குச் சொல்லியிருப்பார். கஷ்டமானது இதற்கு அப்புறம்தான் வந்தது.

சனிக்கிழமை காலை நசீர் காரை இல்லத்துக்கு எதிரே நிறுத்தினார். இறங்கவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? அவங்க கேக்கப்போறது மெஷின் சரியா வேலை செய்யுதான்னுதான். செய்யுது. இனிமே அங்கிளுக்கும் பிரச்சினை இல்ல. 'செய்யுது'ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வந்துருவோம். அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

கடை முதலாளியும் முந்தின நாளே எனக்குச் சொல்லியிருந்தார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு என்று. அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. அதே கெர்னல்தான் தொழிற்சாலைகளிலும் எண்ணெய் ஆலையிலும் ஓடியது. அழைப்பைத் தவறவிடும் கெர்னல் என்று பெயர் வந்தால் நம் கடையை இழுத்துப் பூட்டவேண்டியதுதான். நசீருக்கு வேறொரு பயமும் இருந்தது. அவர் பெயர் கெட்டதே இல்லை.

"நசீர், மெஷின சரி பண்ணிட்டோம். மனுஷன என்ன பண்றது?" என்றேன். "இப்ப 'செய்யுது'ன்னு சொன்னா, அன்னைக்கும் செஞ்சுதுன்னுதான் அவங்க எடுத்துக்குவாங்க. அவர மாடிக்கு ஏத்திருவாங்க. கீழ காலிக் கட்டிலுக்கு நம்ம புது சில்லு அழகா அடிக்கும்."

அவர் கார் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு இறங்கி எனக்கு முன்னால் நடந்தார்.

அலுவலக அறையில் மேட்ரன், டாக்டர், மகள் வசந்தி மூவரும் இருந்தார்கள். அருளப்பனையும் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து ஓரமாக வைத்திருந்தார்கள். அவரைப் பற்றிய கூட்டத்தில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வசந்தி நல்ல பெண். தூங்காத முகம். அப்பாவை மாடிக்கு அனுப்ப அவருக்கு ஆசையில்லை. திரும்ப விழுந்தால் என்ன செய்வது என்ற பயம்தான்.

"பெல் சரியா வேலை செய்யுதா?" என்று என்னிடம் நேராகக் கேட்டார்.

"நேத்திலேர்ந்து செய்யுது," என்றேன்.

அறையில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். மேட்ரன் முகத்தில் இவளுக்கு எதற்கு இந்த வேலை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. நான் தொடர்வதற்குள் நசீர் பேசினார். நான் எதிர்பார்க்கவே இல்லை.

"அதுக்கு முன்னால செய்யல. நான் எழுதினதுலதான் தப்பு. ரெண்டு பேர் ஒண்ணா கூப்பிட்டா, மெல்லத் தட்டுறவங்க அழைப்பு விழாது. உங்க அப்பா மெல்லத் தட்டுறவரு. மழை வந்தா எல்லாரும் கூப்பிடுவாங்க. அப்ப அவர் கூப்பிட்டது விழாது."

வசந்தி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "அப்ப அன்னைக்கு எங்கப்பா பெல் அடிச்சாருன்னு சொல்றீங்களா?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் எல்லாருக்கும் இனித்திருக்கும். ஆனால் அதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை.

"அது எங்களுக்குத் தெரியாது," என்றேன். "அடிச்சிருந்தாலும் மெஷின் இல்லைன்னுதான் சொல்லியிருக்கும். அது மட்டும் உறுதியா தெரியும். அதனால மெஷின் சாட்சிய நீங்க எடுத்துக்க வேணாம். அவர் சொல்றத கேட்டுக்குங்க."

டாக்டர் தன் காகிதங்களைப் புரட்டினார். பெல் சமாச்சாரத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று வசந்தி கேட்டார். கிழமை தவறாகச் சொன்னார், தேதி தவறாகச் சொன்னார் என்றார் டாக்டர்.

ஓரத்திலிருந்து அருளப்பன் முதல் தடவையாக வாய் திறந்தார். "இங்க தினமும் ஒரே மாதிரிதான் டாக்டர். பேப்பர் வாங்கினா கிழமை தெரியும். கை ஒடஞ்சதுலேர்ந்து பேப்பர் வாங்க விடல."

யாரோ சிரித்தார்கள். வசந்தி சிரிக்கவில்லை. எழுந்துபோய் அப்பா பக்கத்தில் மண்டியிட்டு, கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னப்ப நான் நம்பலப்பா," என்றார். அவர் நல்ல கையை மகள் தலையில் வைத்தார். மாடிப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

விளைவுகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உண்மை சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்று நினைத்துக்கொள்வீர்கள். முதலாளி என்னிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லா வாடிக்கையாளர்களிடமும் நாமே போய்ச் சொல்லி, திருத்திய கெர்னலைப் போட்டுக் கொடுத்தோம். ஒரு தொழிற்சாலை நன்றி சொல்லிவிட்டு நம்மை வேண்டாம் என்றுவிட்டது. இன்றுவரை திரும்பவில்லை. பொய் அழைப்பு என்ற சொல்லை நசீர் கெர்னலிலிருந்து நீக்கிவிட்டார். அந்த இடத்தில் இப்போது 'யாரோ' என்று இருக்கும். நீங்கள் பார்க்கும்போது கிண்டல் செய்யாதீர்கள்.

அந்தச் சனிக்கிழமை கிளம்பும் முன் நானும் நசீரும் மேசையில் நின்று கடைசியாக ஒருமுறை திரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அருளப்பனைக் கட்டிலில் விட்டுவிட்டு வசந்தி நாளிதழ் வாங்க வெளியே போயிருந்தார். வானம் இருட்டி, நினைத்தபடியே மழை கொட்டியது. எல்லாக் கட்டில்களும் கூப்பிட்டன. மணி விடாமல் அடித்தது, தாதியர் சன்னல்களுக்கு ஓடினார்கள்.

அந்த அமளியில் பதினொன்று வந்தது. உடனே இன்னொரு பதினொன்று. அப்புறம் இன்னொன்று.

ஒரு தாதி அலறியடித்துக்கொண்டு அவரிடம் ஓடினார். "என்னா அங்கிள், மூணு தரம் அடிக்கிறீங்க? என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. நீ வேலையப் பாரு," என்றார். பொத்தான் இன்னும் அவர் கையில் இருந்தது. சன்னல் ஏற்கெனவே சாத்தியிருந்தது.

நான் நசீரைப் பார்த்தேன். கிடங்கில் மூன்று தட்டுக்கு என்ன அர்த்தம் என்ற துறைமுகக் கதையை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. அவர் திரைக்கு வெகு அருகே முகத்தை வைத்து, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"விழுந்துச்சுக்கா," என்றார். "மூணும் விழுந்துச்சு."